டிப்பர் லாரி பி.டி.ஓ எலக்ட்ரிக்கல் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல் பக்கம் டிப்பர் வயரிங் வேலை செய்பவர்களிடம் தினமும் வருகிற கேள்விகள் இவை. பி.டி.ஓ (பவர் டேக்-ஆஃப்) என்பது இன்ஜினின் சுழற்சியை எடுத்து, பாடியைத் தூக்கும் பம்புக்குக் கொடுக்கிற கருவி. கிரஷரில் லோடு ஏற்றி, சைட்டுக்குப் போய் நின்றபிறகு பாடி தூக்கவில்லை என்றால் டிரைவருக்கு அன்றைய பொழுதே போய்விடும். அந்த அவசரத்தில் யாரோ ஒருவர் "காயில் போச்சு" என்று சொல்ல, புதுக் காயில் (பி.டி.ஓ வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள்) வாங்கி மாட்டுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படிக் கழற்றிப் போட்ட காயில்களில் நிறைய நல்ல காயில்கள்தான். கோளாறு எர்த்திலோ (கரண்ட் சேசிஸ் வழியாகப் பேட்டரி மைனஸ்ஸுக்குத் திரும்பும் இணைப்பு) கப்ளரிலோ (வயரைச் செருகும் இணைப்பு) வயரிலோ இருக்கும். அளந்து பார்த்தபிறகு பொருளை மாற்றினால் பணமும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். எப்படி அளப்பது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பி.டி.ஓ-வில் கரண்ட்டுக்கு என்ன வேலை?

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் பி.டி.ஓ, இன்ஜினின் சுழற்சியை எடுத்து ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கிறது. பம்ப் ஆயிலைத் தள்ள, ஜாக்கி பாடியைத் தூக்குகிறது. பி.டி.ஓ-வின் கியரைச் சேர்ப்பது காற்று. அந்தக் காற்றுக்கு வழி திறந்துவிடுவது ஒரு சிறிய சொலினாய்டு வால்வு, அதாவது கரண்ட் கொடுத்தால் காந்தமாகித் திறக்கிற வால்வு. அந்த வால்வின் காயிலுக்குத்தான் கரண்ட் வேண்டும்.

பழைய வண்டிகளில் லைன் இப்படிப் போகும்: பேட்டரி, ஃபியூஸ், இக்னிஷன், டேஷ்போர்டில் இருக்கும் பி.டி.ஓ சுவிட்ச், ரிலே (சின்னக் கரண்ட்டில் இயங்கி லைனைச் சேர்த்துவிடும் சுவிட்ச்), காயில், கடைசியில் எர்த். திரும்பி வர இன்னொரு வயர் உண்டு. பி.டி.ஓ-வில் கியர் உண்மையிலேயே சேர்ந்ததா என்று பார்க்கிற சிறிய சுவிட்சிலிருந்து டேஷ்போர்டு லைட்டுக்கு வருவது அது. நம்ம ஊர் கனரக வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்தது.

பாடி தூக்கவில்லை. கரண்ட் கோளாறா, காற்றா, ஆயிலா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் ஏர் கேஜைப் பாருங்கள். காற்று 6 பாருக்குக் கீழே இருந்தால் வயரிங்கைத் தொடவே வேண்டாம். காற்று ஏறட்டும்.

காற்று சரியாக இருந்தால் ஒருவர் கேபினில் உட்கார்ந்து சுவிட்சைப் போட, இன்னொருவர் சொலினாய்டு பக்கம் காது கொடுக்க வேண்டும். "டக்" என்று ஒரு சத்தமும், கூடவே சின்னதாகக் காற்றுப் போகிற சத்தமும் கேட்கும். சத்தம் புரியவில்லையா? ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியைக் காயிலின் நடுவில் நட்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். சுவிட்ச் போட்டதும் காந்தம் மாதிரி இழுக்கும், அணைத்ததும் விட்டுவிடும். இழுக்கவே இல்லை என்றால் கோளாறு கரண்ட் பக்கம். நன்றாக இழுக்கிறது, ஆனால் காற்று போகவில்லை என்றால் வால்வின் உள்ளே அழுக்கோ தண்ணீரோ சேர்ந்திருக்கும். காற்றும் போகிறது, பம்ப் சுற்றுகிறது, பாடி மட்டும் எழவில்லை என்றால் ஆயில் அளவு, டிப்பிங் வால்வு, பம்ப் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். எலக்ட்ரீசியனுக்கு அங்கே வேலை இல்லை.

இழுக்கிறது, ஆனால் பலமே இல்லை என்று தோன்றினால்? நான்காவது கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்.

கீழே இறங்கிச் சோதிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

தூக்கிய பாடிக்குக் கீழே, முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கியை நம்பி யாரும் உள்ளே போக வேண்டாம். ஒரு ஹோஸ் பிடுங்கினாலோ யாராவது லீவரைத் தொட்டாலோ பாடி இறங்குவதற்குள் வெளியே வர நேரம் இருக்காது. முடிந்தவரை பாடியை இறக்கி வைத்து, இன்ஜினை நிறுத்தி, வீலுக்குக் கட்டை போட்டு, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து அளந்துகொள்ளுங்கள். இன்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் பி.டி.ஓ ஷாஃப்ட் பக்கம் லுங்கி, துண்டு, தொங்குகிற சட்டை எதுவும் கூடாது.

வேலை முடிந்து பாடியைத் தூக்கிப் பார்க்கிறபோது மேலே அண்ணாந்து பாருங்கள். பட்டறை வாசலிலேயே மின்கம்பி போகிற ஊர் நம்முடையது. கம்பியில் பாடி பட்டுவிட்டால் டிரைவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடுகிறவர்தான் அடிபடுவார். மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை மற்றவர்களும் வண்டிக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

காயில் கப்ளரில் மீட்டர் வைத்தால் 24 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் காயில் வேலை செய்யவில்லை. அப்படியென்றால் காயில் போச்சுதானே?

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இல்லை, அவசரப்பட வேண்டாம்.

கப்ளரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் அந்த லைனில் கரண்ட் ஓடுவதில்லை. மீட்டர் இழுக்கிற கரண்ட் கணக்கிலேயே வராது. வயரில் இரண்டே இழை மிச்சம் இருந்தாலும், எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் மீட்டர் முழு 24 வோல்ட்டைக் காட்டும். கப்ளரை மாட்டிக் காயில் கரண்ட் இழுக்கிறபோதுதான் அந்த இடத்தில் வோல்ட் விழும். அதனால் எப்போதும் லோடு போட்டு, அதாவது காயில் கரண்ட் இழுக்கிறபோதே, அளக்க வேண்டும்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். எம்.சாண்ட் ஓட்டுகிற டிப்பர். வேறு பட்டறையில் மூன்று காயில் மாற்றியிருந்தார்கள். கப்ளரைக் கழற்றி அளந்தேன்: 25.2 வோல்ட். கப்ளரை மாட்டி, ரப்பர் சீலின் பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து அளந்தேன்: 14.6 வோல்ட். பத்து வோல்ட்டுக்கு மேல் எங்கேயோ தொலைகிறது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் காயில் பிளஸ்ஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன்: 0.3. அந்தப் பக்கம் சுத்தம். காயில் மைனஸ்ஸுக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவில் வைத்தேன்: 10.3 வோல்ட். ஆள் அகப்பட்டார்.

எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் கியர் பாக்ஸ் கிராஸ் மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) ஒரு போல்ட்டில் முடிந்தது. சேசிஸுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தையும் சேர்த்து அடித்து, பெயின்ட்டின் மேலேயே லக்கை (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வைத்து இறுக்கியிருந்தார்கள். லக்கின் கழுத்தில் செம்பு பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பெயின்ட்டை இரும்பு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி, புது லக் கிரிம்ப் செய்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். திரும்ப அளந்தால் காயிலில் 24.8, எர்த் பக்கம் 0.1. மூன்றாவதாக மாட்டிய காயில் இன்னும் அதே வண்டியில்தான் ஓடுகிறது.

அளவு நினைவில் இருக்கட்டும்: சுவிட்ச் ஆன், கப்ளர் மாட்டிய நிலையில் எர்த் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடுங்கள். பிளஸ் பக்கம் 0.5-க்கு மேல் போனால் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், கப்ளர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்தால் எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

காலையில் நன்றாக வேலை செய்கிறது, மதியத்துக்கு மேல் பி.டி.ஓ விழுவதில்லை (கியர் சேர்வதில்லை). ஏன்?

செம்பு சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். குளிர்ந்திருக்கும்போது 36 ஓம் இருக்கிற காயில், கியர் பாக்ஸ் பக்கத்துச் சூட்டில் 80 டிகிரிக்குப் போனால் 44 ஓம் ஆகிவிடும். முழு 24 வோல்ட் வந்தாலே கரண்ட் 0.67 ஆம்பியரிலிருந்து 0.54-க்கு இறங்கும். நல்ல லைனில் அந்தக் குறைவு ஒன்றும் செய்யாது. ஆனால் எர்த்தில் ஏற்கெனவே ஐந்தாறு வோல்ட் தொலைகிற வண்டியில், காலையில் எப்படியோ இழுத்த காயில் மதியம் கை கொடுக்காது. ஆகவே சூடாக இருக்கும்போதே அளங்கள். ஆறவைத்து மறுநாள் காலையில் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

காயில் உள்ளே கம்பி விட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும். சூட்டில் விரிந்து கம்பி பிரியும், ஆறினால் ஒட்டும். சூடான காயிலில் ஓம் பார்த்து, மீட்டர் ஓப்பன் (கம்பி அறுந்தது) என்று காட்டினால் காயில்தான், சந்தேகமே இல்லை.

காயில் நல்லதா என்று ஓம் வைத்துப் பார்ப்பது எப்படி?

கப்ளரைக் கழற்றிக் காயிலின் இரண்டு பின்னிலும் மீட்டர் வையுங்கள். காயில் மேல் வாட் எழுதியிருக்கும். 24-ஐ 24-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 16 வாட் என்றால் 36 ஓம், 10 வாட் என்றால் 58 ஓம் அளவு. அதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு ஓம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே ஷார்ட். ஒரு பின்னுக்கும் வால்வின் உலோக உடம்புக்கும் நடுவில் கன்டினியூட்டி (கரண்ட் போகும் தொடர்பு) வரக் கூடாது.

ஃபியூஸ் போட்டால் உடனே போகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடாது. காயில் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதென்றால் எங்கேயோ வயர் சேசிஸைத் தொடுகிறது. அங்கே 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும்.

ஃபியூஸ் டப்பாவைக் காலி செய்யாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு எடுத்து, ஃபியூஸ் இடத்தில் மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். காயில் மட்டும் இழுத்தால் மங்கலாக எரியும். இப்போது கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அதற்கு அந்தப் பக்கம்தான் ஷார்ட். வயர் கட்டை ஆட்டிக்கொண்டே பல்பைப் பார்த்தால் உரசிய இடம் கண் சிமிட்டிக் காட்டிக்கொடுக்கும். கேபின் மடங்குகிற இடம், கிராஸ் மெம்பரின் ஓட்டை, சைலன்ஸர் பக்கம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கேபினைச் சாய்த்து இறக்கிய பிறகு வந்த கோளாறு என்றால் நேராகக் கேபின் மடிப்புக்கே போகலாம்.

புதுக் காயில் மாட்டிய நிமிடத்திலேயே ஃபியூஸ் போனால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில காயில்களுக்குள் டயோடு இருக்கும். காயில் அணைகிற நொடியில் எழுகிற பெரிய வோல்ட்டேஜை அடக்குவதற்காக வைத்தது அது. மாற்றி மாட்டினால் டயோடு வழியாக நேரடி ஷார்ட்.

ரிலேயைச் சோதிப்பது எப்படி?

பக்கத்தில் இருக்கும் அதே மாதிரி ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சுலபம். அதற்கு முன் ரிலேயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கார் கடையில் வாங்கிய 12 வோல்ட் ரிலே சில நாள் நன்றாக ஓடும், பிறகு கருகும். 85, 86 பின்கள் ரிலேயின் காயில். 30-க்கு லைன் வரும், 87 வழியாக வெளியே போகும். ரிலே "டக்" என்கிறது, ஆனால் 87-ல் கரண்ட் இல்லை என்றால் உள்ளே கான்டாக்ட் கரிந்திருக்கிறது.

டேஷ்போர்டில் பி.டி.ஓ லைட் எரிகிறது, ஆனால் பம்ப் சுற்றவில்லை. இது எப்படி?

லைட்டுக்கு எங்கிருந்து கரண்ட் போகிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனி வயரிங்கில் பெரும்பாலும் பி.டி.ஓ-வில் இருக்கும் சுவிட்சிலிருந்துதான் வரும். அது எரிந்தால் கியர் சேர்ந்துவிட்டது என்று பொருள். வெளியே பாடி கட்டும் இடத்தில் பிறகு மாட்டிய வயரிங்கில் டேஷ்போர்டு சுவிட்சிலிருந்தே லைட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். அந்த லைட் சுவிட்ச் போட்டதை மட்டும்தான் சொல்லும். கியர் சேர்ந்ததா, பிரிந்ததா என்று அதற்குத் தெரியாது. அப்படி இருந்தால் மாற்றிக் கட்டிவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் டிரைவரின் உயிர் அந்த லைட்டை நம்பி இருக்கிறது. ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

சுவிட்சை அணைத்தும் பி.டி.ஓ விடவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா?

போகவே கூடாது. ரோட்டில் வேகம் எடுக்கும்போது பம்பும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். ஆயில் கொதிக்கும், பம்ப் போகும். அதைவிட மோசம், டிப்பிங் லீவர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓடுகிற வண்டியில் பாடி மெல்ல எழும்பும். டிரைவருக்குத் தெரியாது. மேம்பாலமோ மின்கம்பியோ வந்தபிறகுதான் தெரியும்.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் காயில் கப்ளரைக் கழற்றுங்கள். கழற்றியதும் காற்று வெளியேறி பி.டி.ஓ விட்டால், கரண்ட் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது: ரிலே கான்டாக்ட் ஒட்டியிருக்கலாம், சுவிட்ச் உள்ளே சிக்கியிருக்கலாம், இன்னொரு வயரோடு உரசி லைன் ஏறியிருக்கலாம். கழற்றியும் விடவில்லை என்றால் வால்வின் எக்ஸாஸ்ட் ஓட்டை மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பி.டி.ஓ-வின் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் இப்படி ஆகும்.

பிஎஸ்-6 வண்டியில் சுவிட்ச் போட்டால் எதுவுமே நடப்பதில்லை. ஃபியூஸ், வயர் எல்லாம் சரி.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்தப் புதிய புகை விதி வண்டிகளில் சுவிட்ச் நேராகக் காயிலுக்குப் போகாமல், வண்டியின் கம்ப்யூட்டரிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதாக இருக்கும். கம்ப்யூட்டர் நிபந்தனைகளைப் பார்க்கிறது: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலா, வண்டி நிற்கிறதா, கிளட்ச் மிதித்தார்களா, இன்ஜின் ஓடுகிறதா. மாடலுக்கு மாடல் பட்டியல் மாறும். ஒன்று குறைந்தாலும் அது பேசாமல் இருந்துவிடும். பி.டி.ஓ விழுந்தும் இன்ஜின் ஆர்.பி.எம் ஏறவில்லை, பாதியில் தானாக அணைகிறது என்பதெல்லாம் பெரும்பாலும் இதே கதைதான்.

ஸ்கேனர் இருந்தால் லைவ் டேட்டாவில் ஒவ்வொரு சுவிட்சையும் ஆன், ஆஃப் செய்து பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அடிக்கடி கோளாறு கொடுப்பது நியூட்ரல் சுவிட்சும், ஹேண்ட் பிரேக் காற்று லைனில் இருக்கும் பிரஷர் சுவிட்சும். எதுவுமே பதில் சொல்லவில்லை என்றால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு கேன் லைனின் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் லைன்) இரண்டு வயருக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் லைனின் ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது.

இந்த வண்டிகளில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைக் கம்ப்யூட்டர் வயரில் குத்தாதீர்கள். மீட்டர் மட்டும். சில மாடல்களில் காயிலின் எர்த்தையும் கம்ப்யூட்டர்தான் கொடுக்கும், அந்த வயரைச் சேசிஸில் தொடவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம். ஆர்.பி.எம் அளவு மாற்றுவது, பி.டி.ஓ-வை சாஃப்ட்வேரில் திறந்துவிடுவது போன்ற வேலைக்கு சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அவசரத்துக்கு நியூட்ரல் சுவிட்சை வயர் வைத்து ஷார்ட் செய்து ஓட்டலாமா?

சோதிப்பதற்காக ஒரு நிமிடம், வீலுக்குக் கட்டை போட்டு, செய்து பார்க்கலாம். அப்படியே விட்டு அனுப்பக் கூடாது. கியரில் இருக்கும்போது பி.டி.ஓ விழுந்து வண்டி நகர்ந்தால், பின்னால் நின்று டோரைத் திறந்துவிடுகிற கிளீனர்தான் அடிபடுவார். ஓனர் எவ்வளவு கெஞ்சினாலும் நான் இதைச் செய்து கொடுப்பதில்லை.

டேப் ரெக்கார்டர், சார்ஜருக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்கிறோம். அதனால் பி.டி.ஓ-வுக்கு என்ன?

அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும், இன்னொன்று அதிகமாக சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்தால் ஒன்று 12.6, மற்றது 11.8 என்று நிற்கும். சேர்த்தால் 24.4, பார்க்கப் பரவாயில்லை என்று தோன்றும். லோடு போட்டதும் பலவீனமான பேட்டரி விழுந்து, காயில் பாதியில் விடும். 24-லிருந்து 12 ஆக்குகிற கன்வர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது மொத்தம் 27.5-லிருந்து 28.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி.

பாடி வெல்டிங் செய்து வந்ததிலிருந்து கோளாறு. தொடர்பு உண்டா?

உண்டு. வெல்டிங் கரண்ட் எர்த் தேடிச் சேசிஸ் முழுக்க ஓடும். வழியில் கம்ப்யூட்டர், ஆல்டர்னேட்டர், சென்சார் எது இருந்தாலும் அடிக்கும். வெல்டிங்குக்கு முன் இரண்டு பேட்டரி டெர்மினலையும் கழற்றி, கம்ப்யூட்டர் கப்ளரையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். கியர் பாக்ஸ் பக்கம் பிடித்தால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

மழை பெய்தாலோ வாட்டர் வாஷ் விட்டாலோ பி.டி.ஓ நின்றுவிடுகிறது.

கப்ளருக்குள் தண்ணீர். ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். காயில் மாற்றியவர் பாதி நேரம் அதைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார். பின்னைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, காற்றடித்து, சீல் மாற்றுங்கள். வயர் மேலிருந்து நேராகக் கப்ளருக்குள் இறங்கினால் தண்ணீரும் அதன் வழியே உள்ளே போகும். கப்ளருக்கு முன்னால் வயரைக் கீழே வளைத்து மேலே ஏற்றிக் கட்டினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எங்கே கண்டாலும் வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்ப் செய்து சுருங்கும் டியூப் போடுங்கள்.

கடைசியில் காயில்தான் போயிருக்கிறது. கடையில் என்ன சொல்லி வாங்குவது?

பழைய காயிலைக் கையோடு எடுத்துப் போங்கள். 24 வோல்ட், எத்தனை வாட், பின் வகை, நடுவில் இருக்கும் ஓட்டையின் விட்டம், இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். உள்ளே டயோடு இருந்ததா என்றும் பாருங்கள். இருந்த இடத்தில் இல்லாததைப் போட்டால் சுவிட்ச் கான்டாக்ட் சீக்கிரம் கரியும். தண்டில் ஏற்றி நட்டை இறுக்கியபிறகு, வண்டியைக் கொடுக்கும் முன், கப்ளர் மாட்டிய நிலையில் எர்த் பக்கம் ஒருமுறை அளந்து, அந்த எண்ணை டிரைவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.